கையெழுத்துப் போடுபவரும் தட்டச்சு செய்பவரும்

பொங்கலுக்கு ஆரணி வந்திருந்த என் பேரன் ஒரு விஷயத்தைச் சொல்லிப் புலம்பினான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவனும் கூட இருக்கும் நான்கு பேரும் இரண்டு மாதம் உட்கார்ந்து, தங்கள் வேலைக்கு எந்த மென்பொருள் சரிப்படும் என்று சோதித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக் கொடுத்தார்களாம். மேலிடம் அதைப் படிக்கக்கூட இல்லையாம். பெரிய ஓட்டல் ஒன்றில் யாரோ காட்டிய படக்காட்சியைப் பார்த்துவிட்டு வந்த மேலதிகாரி வேறொன்றை வாங்கிவிட்டார். இப்போது அந்த ஐந்து பேரும் அதனோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள்.

"உங்க கவர்மென்ட் ஆபீஸ்ல இப்படியெல்லாம் நடக்காது இல்ல தாத்தா? எல்லாத்துக்கும் ரூல்ஸ் இருக்குமே" என்றான்.

சிரிப்பு வந்துவிட்டது. ரூல்ஸ் இருந்தது உண்மைதான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று அன்றே தோன்றியது. கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் நிபுணன் அல்ல. ஆனால் ஒரு பொருள் அலுவலகத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதை முப்பது வருஷத்துக்கு மேல் கோப்பு எழுதிப் பார்த்தவன். நம் வாசகர்களில் பாதிப் பேர் அரசு அலுவலகத்தில் இருந்தவர்கள்தான். நான் சொல்வது அவர்களுக்கு உடனே புரியும்.

ஒரு பொருள் வாங்க வேண்டுமானால் மூன்று விலைப்புள்ளி வாங்க வேண்டும். ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். குறைந்த விலை சொன்னவருக்குக் கொடுக்க வேண்டும். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு தாள் உண்டு. என்ன பொருள், என்னென்ன தன்மைகள் இருக்க வேண்டும் என்று எழுதும் தாள். அந்தத் தாளை யார் எழுதுகிறாரோ அவர்தான் உண்மையில் தீர்மானிக்கிறார். மேஜை நாற்காலி வாங்கும்போது அதை நாங்களே எழுதினோம், ஏனென்றால் நாற்காலி என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் வந்தபோது எழுதத் தெரிந்தவர் அலுவலகத்தில் யாரும் இல்லை. விற்க வந்தவரே சுத்தமாக அடித்த தாளைக் கொண்டுவந்து, "சார், உங்க வேலையை சுலபமாக்கிட்டேன்" என்று கொடுத்தார். அதில் இருந்த பத்து தன்மைகளில் ஒன்பது எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். பத்தாவது அவருடைய கம்பெனிக்கு மட்டும் பொருந்தும். பிறகு மூன்று விலைப்புள்ளி, ஒப்பீட்டுப் பட்டியல் எல்லாம் முறைப்படி நடந்தது. தணிக்கைக்கு வந்தவர்களால் ஒரு கேள்வி கேட்க முடியவில்லை.

இன்னொரு கதாநாயகர் மார்ச் 31. ஒதுக்கிய நிதியை அதற்குள் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும். எந்த விற்பனைக்காரருக்கும் இது தெரியும். பிப்ரவரி கடைசியில்தான் வருவார்கள். பத்து நாளில் இயந்திரத்தை இறக்கி, பில் கொடுத்து, பணம் பாஸ் ஆக வேண்டும் என்றால், சோதித்துப் பார்க்க நேரம் ஏது? கையில் தயாராக இருப்பவரிடம் வாங்க வேண்டியதுதான். சிறந்த மென்பொருளை வைத்திருந்தவர் ஏப்ரல் மாதம் வந்து நின்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இது லஞ்சம் இல்லை, ஊழல் இல்லை. நேர்மையான அதிகாரி இருந்த இடத்திலும் இப்படித்தான் நடந்தது. அதனால்தான் சொல்கிறேன்.

இந்த முறையில் எங்கள் அலுவலகத்துக்குள் வந்த ஒரு தமிழ் மென்பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலுவலகத்தின் பெயரும் மென்பொருளின் பெயரும் இங்கே வேண்டாம். தொண்ணூறுகளின் கடைசி. ஆங்கிலம் அடிக்கும் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஆங்கில எழுத்து. திரையில் நமக்குத் தெரிவது தமிழ். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு எழுத்தை ஒவ்வொரு இடத்தில் வைத்திருந்தது. ஒரு கம்பெனியின் எழுத்துருவில் அடித்ததை இன்னொரு கம்பெனியின் எழுத்துருவில் திறந்தால் ஒன்றும் புரியாது. இதை நாங்கள் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. எழுத்து அழகாக இருந்தது, அதிகாரிக்குப் பிடித்திருந்தது, விலை ஒதுக்கீட்டுக்குள் அடங்கியது.

ஊழியர்களின் பிடித்தங்களுக்கான மாதவாரிக் கணக்கை அதில்தான் ஏற்றினோம். ஏழெட்டு வருஷம் கழித்து அந்தக் கம்ப்யூட்டர் பழுதாகிக் கழிவுப் பட்டியலுக்குப் போனது. புதிதாக வந்ததில் வேறு கம்பெனியின் தமிழ். பழைய கோப்புகளைத் தட்டில் நகல் எடுத்து வைத்திருந்தோம் என்ற தைரியத்தில் யாரும் கவலைப்படவில்லை. அப்போதுதான் பணியில் இருந்தபோதே இறந்துபோன ஓர் அலுவலக உதவியாளரின் மனைவி குடும்பப் பணப்பலன்களுக்காக வந்தார். கணக்கின் அச்சு நகல், அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்த மூட்டைகளில் ஒன்றோடு போய்விட்டிருந்தது. கம்ப்யூட்டரில் திறந்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அடைப்புக்குறியும் கமாவுமாக ஒரே குப்பை. எண்கள் மட்டும் எண்களாகவே இருந்தன. இத்தனை ரூபாய் பிடித்திருக்கிறது என்பது வரிக்கு வரி தெரிகிறது. யாருடைய ரூபாய் என்பதுதான் தெரியவில்லை.

அந்த அம்மா மூன்று முறை வந்து திரும்பிப் போனார். ஒவ்வொரு முறையும் பஸ் செலவு, ஒரு நாள் கூலி. விற்ற கம்பெனிக்குக் கடிதம் போட்டோம். அந்த முகவரியில் இப்போது அந்தக் கம்பெனி இல்லை என்று தபால் திரும்பி வந்தது.

கடைசியில் தீர்த்து வைத்தவர் எங்கள் தட்டச்சர். தமிழ் தட்டச்சில் முதுநிலை தேர்ச்சி பெற்ற பெண்மணி. பேச்சுக் குறைவு. திரையில் இருந்த குப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரல்களை மேஜை மேல் வைத்து, அந்த ஆங்கில எழுத்துகளை வரிசையாகத் தட்டிப் பார்த்தார். வெறும் மேஜையில்தான். அந்தப் பழைய எழுத்துரு தமிழ் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையிலேயே அமைந்திருந்ததால், குப்பையாகத் தெரிந்த ஒவ்வொரு எழுத்தும் அவர் முன்பு அழுத்திய ஒரு விசை. கண்ணுக்குப் புரியாததை விரல் படித்தது. "இது முனுசாமி சார். அடுத்தது தேசிங்கு" என்று சொல்லச் சொல்ல நான் பென்சிலால் எழுதினேன். இரண்டு நாளில் முழுப் பட்டியலும் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு உத்தரவும் போனது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அந்த மென்பொருளை வாங்கியபோது போடப்பட்ட கோப்பை நானே பார்த்திருக்கிறேன். பிரிவு எழுத்தர், கண்காணிப்பாளர், கணக்கு அலுவலர், மேலதிகாரி என ஆறு கையெழுத்து இருந்தது. தட்டச்சரின் கையெழுத்து இல்லை. அவரைக் கேட்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை.

அரசாங்கம் இந்தக் குழப்பத்தைக் கவனிக்காமலும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக அந்த ஆண்டே 'தமிழ் 99' விசைப்பலகையையும், தாம், தாப் என்ற எழுத்துக் குறியீட்டு முறைகளையும் அரசு தரமாக அறிவித்தது. தமிழ் 99 நல்ல விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலது கைக்கு. மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் தானே வரும். ஆனால் அரசு வேலைக்குத் தட்டச்சர் ஆக வேண்டுமானால் எழுத வேண்டிய தேர்வு என்ன? தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வு. அதற்குப் பயிற்சி நம் ஊர் இன்ஸ்டிடியூட்டில், பழைய தட்டச்சுப் பொறியில். அந்தப் பிள்ளைகள் வேலைக்கு வந்ததும் "பழைய டைப்ரைட்டர் விசை இருக்கா சார்?" என்றுதான் கேட்பார்கள். விற்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு அதையும் சேர்த்தே விற்றார்கள். ஒரு கை ஆணை போடுகிறது, இன்னொரு கை தேர்வு நடத்துகிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சுத் தட்டச்சுப் பலகையில் ஆங்கிலப் பலகையின் 'க்யூ' இருக்கும் இடத்தில் 'ஏ' இருக்கும். விரல் ஒரு முறை பழகிவிட்டால் மாற்ற என்ன பாடு என்பது எனக்குத் தெரியும்.

உலகத்துக்கெல்லாம் பொதுவான யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. விண்டோஸ் 2000 அதை ஏற்றுக்கொண்டது. தமிழக அரசு யூனிகோடை அதிகாரப்பூர்வமாக்கியது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். அதோடு டேஸ் 16 என்ற இன்னொரு முறையையும் சேர்த்து. இடையில் இருந்த வருஷங்களில் எத்தனை அலுவலகங்களில் எத்தனை தட்டுகள் குப்பையாகிப் போயின என்பதற்குக் கணக்கெடுத்தவர் இருப்பதாகத் தெரியவில்லை.

இனி எல்காட் கதை. தமிழ்நாடு மின்னணு நிறுவனம் 1977ல் தொடங்கப்பட்டது. அரசுத் துறைகளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுக்கும் வேலை அதனுடையது. 2006 வாக்கில் அதன் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். வந்தார். திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே அலுவலகங்களைக் கணினிமயமாக்கியதில் பெயர் வாங்கியவர். எல்காட்டில் அவர் செய்தது அப்போது பெரிய பேச்சாக இருந்தது. விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்குப் போனார். முதலில் தன்னுடைய மடிக்கணினியில் போட்டுப் பழகிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களை மாறச் சொன்னார் என்று அந்தக் காலப் பேட்டிகளில் படித்தேன். எனக்கு இந்த ஒரு விஷயம்தான் முக்கியமாகப் பட்டது. கையெழுத்துப் போடும் மனிதர் தானே தட்டச்சும் செய்து பார்த்தார். எல்காட் அலுவலகம் மாறியது. பள்ளிகளுக்கு எல்காட் வாங்கிய கம்ப்யூட்டர்களிலும் சூசே லினக்ஸ் வந்தது.

லினக்ஸ் என்பது யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று விட்டிருக்கும் மென்பொருள். இங்கே அரசு நடைமுறைக்கு ஒரு வேடிக்கையான சிக்கல். விலையே இல்லாத பொருளுக்கு மூன்று விலைப்புள்ளி எங்கே வாங்குவது? ஒப்பீட்டுப் பட்டியலில் சைபருக்குக் கட்டம் உண்டா? நான் கிண்டல் செய்யவில்லை. ஒரு பிரிவு எழுத்தராக இதை எப்படிக் கோப்பில் எழுதுவது என்று நிஜமாகவே யோசித்திருக்கிறேன்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். விற்பனைக்காரரைத் திட்டுவது சுலபம். ஆனால் இயந்திரம் நின்றுபோனால் வாசலில் வந்து நிற்பவரும் அவர்தான். "கெட்டுப்போனால் யாரைக் கூப்பிடுவது?" என்பதுதான் எந்த அதிகாரியின் முதல் கவலையும். இலவச மென்பொருளுக்கு அன்றைக்கு நம் ஊர்களில் கூப்பிட ஆள் இல்லை. அமெரிக்காவில் ஒரு பழைய பேச்சு உண்டாம்: ஐ.பி.எம். வாங்கியதற்காக யாருடைய வேலையும் போனதில்லை என்று. எல்லோரும் வாங்குவதை வாங்கி அது கெட்டுப்போனால் கம்பெனி மேல் பழி. யாரும் வாங்காததை வாங்கி அது கெட்டுப்போனால் நம் மேல் பழி. விளக்கம் கேட்டு ஒரு மெமோ வாங்கியவருக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். விற்பனைத் துறை விற்பது பாதி மென்பொருள் என்றால், மீதிப் பாதி இந்தப் பயத்துக்கு மருந்து.

2008ல் உமாசங்கர் எல்காட்டிலிருந்து மாற்றப்பட்டார். அந்த வேகம் அத்தோடு தணிந்தது. 2011 செப்டம்பர் 15ந் தேதி, அண்ணா பிறந்த நாளில், முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதல் ஆண்டுக்கே சுமார் 9 லட்சம் மடிக்கணினிகள். அவற்றில் விண்டோஸும் இருந்தது, சென்னை சி-டாக் நிறுவனத்தில் உருவான 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்று கேட்கிறீர்களா? எங்கள் தெருவில் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் விண்டோஸைத்தான் திறந்தார்கள், பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும். ஆசிரியருக்குத் தெரிந்தது விண்டோஸ். பிரவுசிங் சென்டரில் இருந்தது விண்டோஸ். 9 லட்சம் பிள்ளைகள் தங்கள் பொருளில் கை பழகுவது என்றால் எந்தக் கம்பெனிக்கும் அது நல்ல முதலீடுதான், பிள்ளை ஒரு பைசா கொடுக்காவிட்டாலும். நாளைக்கு அதே பிள்ளை அலுவலகத்தில் உட்கார்ந்து, "எனக்கு இதுதான் தெரியும் சார்" என்பான்.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்.பி.க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. அதே ஆண்டு தமிழக அரசு தன் துறைகளைப் பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. சொன்னது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் சான்றிதழ் வாங்கப் போகும் அலுவலகங்களில் திரையை எட்டிப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. பாஸ் லினக்ஸை நான் பார்த்தது குறைவு.

பக்கத்துக் கேரளத்தில் வேறு விதமாக நடந்தது. அங்கே ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டத்தில் முதலில் ஆசிரியர்களைப் பழக்கினார்கள். பாடமும் தேர்வும் லினக்ஸில் வந்தன. தேர்வு எதில் இருக்கிறதோ பிள்ளை அதைப் படிக்கும், வீடும் அதை வாங்கும். நம் தட்டச்சுத் தேர்வுக் கதையின் மறுபக்கம் இது. ஆட்சி மாறி மாறி வந்தும் அங்கே அது நிலைத்தது.

மேலிடத்தைப் பிடிக்கக் கம்பெனிகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஜெர்மனியில் மியூனிக் நகரத்தின் கதையைச் சொல்வார்கள். 2003ல் அந்த நகராட்சி தன் 14,000 கம்ப்யூட்டர்களையும் லினக்ஸுக்கு மாற்ற யோசித்தது. மைக்ரோசாஃப்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் அப்போது சுவிட்சர்லாந்தில் பனிச்சறுக்கு விடுமுறையில் இருந்தார். விடுமுறையைப் பாதியில் விட்டு மேயரைப் பார்க்க வந்தார். விலையையும் குறைத்தார்கள். நகராட்சி அசையவில்லை, லினக்ஸுக்கே போனது. பத்து வருஷம் பாடுபட்டு 2013ல் மாற்றி முடித்தார்கள். அடுத்த ஆண்டு புதிய மேயர் வந்தார். ஊழியர்களின் புகார்களும் சேர்ந்தன. 2017ல் திரும்ப விண்டோஸுக்கே போகலாம் என்று மன்றம் தீர்மானித்தது. நந்தனத்திலும் மியூனிக்கிலும் ஒரே பாடம்தான் எனக்குத் தெரிகிறது: மேலே இருப்பவர் கொண்டுவந்ததை, மேலே அடுத்து வருபவர் எடுத்துவிடலாம்.

பிரான்சில் ஜாந்தார்மரி என்று ஒரு காவல் படை உண்டு. சிறு ஊர்களும் கிராமங்களும் அவர்கள் பொறுப்பு. புதுச்சேரிக்காரர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கும் பழக்கம் எனக்கு இருப்பதால் அவர்கள் கதையைத் தொடர்ந்து கவனித்து வந்தேன். 2005ல் கடிதமும் கணக்கும் எழுதும் மென்பொருளை மட்டும் இலவசமான ஓப்பன் ஆபீஸுக்கு மாற்றினார்கள். விண்டோஸ் அப்படியே இருந்தது. பிறகு இணையம் பார்க்க ஃபயர்பாக்ஸ், மின்னஞ்சலுக்குத் தண்டர்பேர்ட். ஊழியர்கள் இந்த மூன்றிலும் கை பழகின பிறகு 2008ல் அடியில் இருந்த விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு லினக்ஸை வைக்கத் தொடங்கினார்கள். தினமும் தொடும் பொருள்கள் அதே இடத்தில் அப்படியே இருந்தன. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களை மாற்றும் திட்டம், ஆனால் தடபுடல் இல்லை. இன்றுவரை அது நிலைத்திருக்கிறது. அவர்கள் தட்டச்சு செய்பவரின் விரலிலிருந்து மேலே ஏறினார்கள் என்று தோன்றுகிறது.

நம் ஊருக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் தெரிந்த நெசவாளர் ஒருவர் ஒரு கத்தைத் தாளோடு வீட்டுக்கு வந்தார். சொந்தமாக நான்கு தறி வைத்திருப்பவர். "சார், இங்கிலீஷ்ல இருக்குது. என்னா போட்டிருக்கான்னு படிச்சு சொல்லுங்க." மின்னணு ஜக்கார்டுக்கான விலைப்புள்ளி. கல்யாண மண்டபத்தில் ஒரு கம்பெனி விளக்கக் கூட்டம் நடத்தி, சாப்பாடு போட்டு, ஆளுக்கு ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறது. தறி முதலாளிகள் முன் வரிசையில். தறியில் உட்காருபவர்கள் பின்னால் நின்றுகொண்டு.

தறி தெரியாத வெளியூர் வாசகருக்காக: சேலையின் பார்டரிலும் முந்தியிலும் வரும் மயில், அன்னம், மாங்காய் எல்லாவற்றையும் முதலில் கட்டக் காகிதத்தில் வரைந்து, ஒவ்வொரு ஊடைக்கும் ஓர் அட்டையில் துளை போடுவார்கள். அட்டைகளைக் கோத்து, தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டுப் பெட்டியில் மாட்டுவார்கள். துளை இருக்கும் இடத்தில் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. மின்னணுப் பெட்டிக்கு அட்டை வேண்டாம். கம்ப்யூட்டரில் வரைந்த டிசைனைப் பென் டிரைவில் கொண்டுவந்து சொருகினால் போதும். டிசைன் மாற்ற அட்டை அடித்துக் காத்திருக்க வேண்டியதில்லை. நல்ல பொருள்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

படித்துப் பார்த்தேன். பெட்டிக்கு விலை தெளிவாகப் போட்டிருந்தது. டிசைன் வரையும் மென்பொருளுக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிமம். பெட்டி படிக்கும் கோப்பு அந்த மென்பொருளில் மட்டுமே உருவாகும் வகை. ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் தனி. கட்டாவிட்டால் புதிய பதிப்பு கிடையாது. எனக்கு அந்த மேஜை மேல் தட்டிய விரல்கள் ஞாபகம் வந்தன.

நம் ஊர் வீடுகளில் உத்தரத்தில் தொங்கும் பழைய அட்டைக் கட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தகப்பனார் காலத்து அட்டையாக இருந்தாலும், அதே கொக்கி எண்ணிக்கை உள்ள பெட்டியில் மாட்டினால் ஓடும். பெட்டியை யார் செய்தார் என்ற கேள்வியே இல்லை. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804 வாக்கில் இந்தப் பொறியைச் செய்தார். 1806ல் பிரெஞ்சு அரசு அதைப் பொதுச் சொத்தாக அறிவித்துவிட்டது. ஜக்கார்டுக்கு ஓய்வூதியமும், செய்யப்படும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு தொகையும் கொடுத்தார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம், திருத்தலாம். அப்படித் திருத்தியவர்களில் ஒருவரான ழான் அந்துவான் பிரெத்தோன் என்பவரால்தான் அது உண்மையில் ஒழுங்காக ஓடத் தொடங்கியது என்பார்கள். லியோனின் குருவா ரூஸ் மேட்டில் இந்தப் பெட்டியின் உயரத்துக்காகவே கூரையை உயர்த்திக் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. அங்கிருந்த பட்டு நெசவாளர்களைக் 'கனூத்' என்பார்கள். 1831ல் அவர்கள் கலகம் செய்தது பள்ளியில் எங்களுக்குப் பாடம். இயந்திரத்தை எதிர்த்து என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கலகம் கூலி விகிதத்துக்காக. டிசைனையும் கூலியையும் தீர்மானித்த வியாபாரிகள் ஒப்புக்கொண்ட விகிதத்தைக் கொடுக்க மறுத்ததற்காக.

நெசவாளரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன்: "இந்தக் கம்பெனி மூடிட்டா, இல்ல நீங்க பராமரிப்புக் கட்டணம் கட்டலன்னா, நீங்க காசு குடுத்து வரைஞ்ச டிசைன் உங்க கையில இருக்குமா?"

கொஞ்சம் யோசித்தார். "பின்னாடி நின்னுக்கிட்டு நானும் அதாங்க சார் கேட்டேன். அது உங்களுக்கு வேணாம், எங்க ஆளு பாத்துக்குவாருன்னாங்க."

பழைய பழக்கத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். தங்கள் விலைப்புள்ளியைப் பார்வையில் கொண்டு என்று தொடங்கி. மூன்று கேள்விகள். ஒவ்வொரு டிசைனையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்கக்கூடிய சாதாரணப் படக் கோப்பாகவும் தருவீர்களா? வேறு மென்பொருளில் வரைந்த படத்தை இந்தப் பெட்டி ஏற்குமா? பராமரிப்புக் கட்டணம் கட்டாத ஆண்டிலும் பழைய டிசைன் ஓடுமா? பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதித் தர வேண்டும் என்று கேட்டிருந்தோம். தறியில் உட்காரும் அவருடைய தம்பியையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். அவர் எதற்கு என்று இருவருமே கேட்டார்கள். போடட்டும் என்றேன்.

விற்பனைப் பிரதிநிதி போன் செய்தார். மரியாதையான பையன், என் பேரன் வயதுதான் இருக்கும். "சார், இதுவரைக்கும் இப்படி யாரும் கேட்டதில்ல. ஹெட் ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்" என்றான். முதல் கேள்விக்குச் சரி என்று வாய்மொழியாகப் பதில் வந்திருக்கிறது. மற்ற இரண்டுக்கும் இன்னும் வரவில்லை. தம்பிக்காரர் இப்போது வாரம் ஒரு முறை வந்து, "லெட்டர் வந்துச்சா சார்?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.